அணிப்பற்றும் புள்ளிவிவரமும்: பேஸ்பால் ரசிகர் இரண்டையும் ஒருசேரக் காப்பது எப்படி

பேஸ்பாலில் ஓர் அணியின்மேல் பற்று வைத்திருப்பவர் அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரங்களை ஆழ்ந்து கற்கத் தொடங்கும்போது இரண்டு அச்சங்கள் எழுவது இயல்பு. எண்கள் பற்றைக் கொன்றுவிடுமோ என்பது ஒன்று. பற்று எண்களைத் திரித்துவிடுமோ என்பது மற்றொன்று. முதல் அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பதும், இரண்டாவது முற்றிலும் நியாயமானது என்பதும் என் கருத்து. ஓர் அணியை நேசிக்க எண்கள் காரணமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் எண்கள் தெரியாமல் நேசிப்பவர், தோல்விக்குப் பொறுப்பில்லாத ஆட்டக்காரரைத் தூற்றுவதும், வெற்றிக்கு உழைத்தவரைக் கவனியாமல் விடுவதுமாக, தாம் நேசிக்கும் அணிக்கே அநீதி செய்கிறார். அந்த அநீதியைத் தவிர்க்கும் முறைகளையே இங்கு எழுதுகிறேன். நான் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் ரசிகன் என்பதால் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அந்த அணியிலிருந்தே வருகின்றன. முறைகள் வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் 30 அணிகளில் எதற்கும் பொருந்தும்.

அணியைத் தேர்ந்தெடுக்கும்போது எண்களை ஒதுக்கி வையுங்கள்

இன்னும் ஓர் அணியை வரித்துக்கொள்ளாதவர்கள், எந்த அணி அதிகம் வெல்லும் என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வாழும் ஊர், ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் விரும்பிய அணி, ஓர் ஆட்டக்காரர் மட்டையைப் பிடித்து நிற்கும் அழகு, வானொலி வர்ணனையாளரின் குரல் ஆகியவற்றில் எது வேண்டுமானாலும் போதுமான காரணமே. 1988ஆம் ஆண்டு ஓரியோல்ஸ் அணி பருவத்தின் முதல் 21 ஆட்டங்களிலும் தொடர்ச்சியாகத் தோற்றது. ஒரு வெற்றி, 23 தோல்விகள் என்ற நிலையில் அது ஊர் திரும்பிய மே 2 அன்று, மெமோரியல் ஸ்டேடியத்துக்கு 50,000க்கும் மேற்பட்டோர் திரண்டு வந்தனர். அந்த ஆண்டு 54 வெற்றிகள், 107 தோல்விகள் என்றுதான் முடிந்தது. அன்று வந்தவர்களில் எவரும் நல்ல முடிவை எதிர்பார்த்து வந்திருக்க மாட்டார்கள். புள்ளிவிவரத்திலிருந்து பிறந்த பற்றாக இருந்திருந்தால் அந்த மைதானம் அன்று வெறிச்சோடிக் கிடந்திருக்கும்.

ஒருமுறை தேர்ந்தெடுத்தபின் மாற்றாமல் இருப்பதற்கு உணர்வு சார்ந்த காரணம் மட்டுமல்ல, அறிவு சார்ந்த காரணமும் உண்டு. பேஸ்பால் புள்ளிவிவரங்கள் நீண்ட காலத்தில்தான் உண்மை பேசுகின்றன. ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் வீதம் ஒரே அணியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவருக்கு, ஓர் ஆட்டக்காரரின் எண்கள் ஏன் உயர்ந்தன, எந்தக் காயத்துக்குப் பின் சரிந்தன என்பது நினைவிலிருந்தே தெரியும். வெல்லும் அணியைத் தேடி ஆண்டுதோறும் இடம் மாறுகிறவரிடம் அட்டவணை மட்டுமே இருக்கும்.

எந்த எண்களை முதலில் கற்பது

தொடக்கத்தில் நான்கைந்து எண்கள் போதும். மட்டைச் சராசரியிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கிரிக்கெட் அறிந்தவர்கள் இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் சராசரி என்பது ஓட்டங்களை ஆட்டமிழப்புகளால் வகுத்து வருவது. பேஸ்பாலில் அது, மட்டையாளர் பெற்ற ஹிட்களை (பந்தை அடித்து, ஓட்டத்துக்காகச் சுற்றிவர வேண்டிய நான்கு பேஸ்களில் ஒன்றையேனும் பத்திரமாக அடைந்த தடவைகளை) அவருடைய அட்-பேட் எண்ணிக்கையால் (இந்தச் சராசரிக்குக் கணக்கில் சேரும் மட்டை வாய்ப்புகளால்) வகுத்து வருவது. 500 அட்-பேட்களில் 150 ஹிட் அடித்தவரின் சராசரி .300. இந்தக் கணக்கில் வாக் என்பதற்கு இடமே இல்லை. நான்கு தவறான பந்துகளைப் பொறுமையாக விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து செல்பவர் தம் அணிக்கு ஒரு நன்மை செய்கிறார். மட்டைச் சராசரியோ அந்த நிகழ்வே நடக்காததுபோல் நடந்துகொள்கிறது.

ஆகவே ஆன்-பேஸ் விகிதத்தை அடுத்ததாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஹிட், வாக், பந்து உடலில் பட்டு பேஸுக்குச் செல்வது ஆகியவற்றைக் கூட்டி, அவர் மட்டை பிடிக்க வந்த வாய்ப்புகளால் வகுப்பது அது. 500 அட்-பேட்களில் .300 சராசரியும் 20 வாக்-களும் கொண்ட ஒருவரையும், அதே 500 அட்-பேட்களில் .260 சராசரியும் 90 வாக்-களும் கொண்ட இன்னொருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் கணக்கில் விட்டுவிட்டால், முதலாமவர் 520 வாய்ப்புகளில் 170 முறை பேஸை அடைந்தார், அதாவது .327, இரண்டாமவர் 590 வாய்ப்புகளில் 220 முறை, அதாவது.373. மைதானத்தில் கைதட்டல் முதலாமவருக்கே விழும். ஓட்டங்கள் அதிகம் விளைவது பெரும்பாலும் இரண்டாமவரால்தான். இதன்பின் ஸ்லக்கிங் விகிதத்தை, அதாவது ஓர் அட்-பேட்டுக்கு எத்தனை பேஸ்கள் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். இவ்விரண்டையும் கூட்டி, லீக்கின் சராசரியோடும் மைதானத்தின் இயல்போடும் ஒப்பிட்டுத் திருத்திய ஓ.பி.எஸ். பிளஸ் என்ற எண்ணில் 100 என்பது நடுத்தரம். 120 என்றால் நடுத்தரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மேல்.

மைதானத் திருத்தம் ஏன் தேவை என்பதற்கு ஓரியோல்ஸின் கேம்டன் யார்ட்ஸ் மைதானமே சான்று. 2022ஆம் ஆண்டுப் பருவத்துக்கு முன் அதன் இடப்பக்கச் சுவரைச் சுமார் 30 அடி வரை பின்னுக்குத் தள்ளி, உயரத்தையும் ஏறத்தாழ 13 அடியாக்கினார்கள். முந்தைய ஆண்டில் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகியிருக்கக்கூடிய பல பந்துகள் அதன்பின் கேட்ச்சாக முடிந்தன. வலக்கை மட்டையாளர் ஒருவரின் ஹோம் ரன் எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு அவருடைய கை தளர்ந்துவிட்டது என்று சொன்னவர்கள், சுவரின் குற்றத்தை மனிதர்மேல் சுமத்தினார்கள்.

பந்தெறியும் பிட்சர்களைப் பொறுத்தவரை, அவர்கள் பேரில் எழுதப்படும் வெற்றி-தோல்விக் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 9 இன்னிங்ஸுக்கு 1.70 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்தார். அவருடைய கணக்கில் 10 வெற்றிகளும் 9 தோல்விகளும் எழுதப்பட்டன. அணி அவருக்கு ஓட்டங்கள் எடுத்துத் தராததே காரணம். அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கிடைத்தது, எண்களைப் படிக்கும் முறை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. கொடுத்த ஓட்டங்களின் சராசரியும்கூட முழுமையானதல்ல, அதில் களத்தடுப்பாளர்களின் பங்கும் கலந்திருக்கிறது. ஓரியோல்ஸின் மிகச் சிறந்த பிட்சரான ஜிம் பால்மர் 268 வெற்றிகளும் 2.86 என்ற சராசரியும் பெற்றவர். ஆனால் 9 இன்னிங்ஸுக்கு ஏறத்தாழ ஐந்து பேரைத்தான் ஸ்ட்ரைக் அவுட் (களத்தடுப்பாளர்கள் பந்தை எடுக்க வேண்டியில்லாத அவுட்) செய்தார். மற்றவர்களை அவுட்டாக்கியது அவருக்குப் பின்னால் நின்ற பால் பிளேர், புரூக்ஸ் ராபின்சன், மார்க் பெலாங்கர் போன்றவர்களின் கைகள். பால்மரை நான் மிகவும் மதிக்கிறேன். அவருடைய எண்களைப் பிரித்துப் பார்ப்பதால் அந்த மதிப்பு குறையவில்லை, அது ஒரு மனிதரிடமிருந்து ஒரு களத்துக்கே விரிந்தது.

வார் எனப்படும் தொகுப்பு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட இவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்று அது மதிப்பிடுகிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ், ஃபேன்கிராஃப்ஸ் ஆகிய இரண்டு புள்ளிவிவரத் தளங்களும் அதை வெவ்வேறு முறையில் கணக்கிடுவதால், ஒரே ஆட்டக்காரருக்கு இரு விடைகள் வரும். குறிப்பாகப் பால்மர் போன்ற பிட்சர்களுக்கு வேறுபாடு பெரியது. ஆகவே ஒன்றிரண்டு அலகு வித்தியாசத்தை வைத்து யாரையும் யாருக்கும் மேலே நிறுத்தாதீர்கள்.

ஸ்கோர்புக் எழுதும் பழக்கம்

வாரத்துக்கு ஓர் ஆட்டத்தையேனும் கையால் பதிவு செய்யுங்கள். முறை எளிது. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) 6, இடப்புற, நடு, வலப்புறப் புறக்களத்தினர் முறையே 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிய, அங்கிருந்து முதல் பேஸுக்குப் பந்து சென்று இரண்டு பேர் அவுட்டானால் 6-4-3 என்று எழுதுவார்கள். ஸ்ட்ரைக் அவுட்டுக்குக் கே என்ற ஆங்கில எழுத்து; மட்டையை வீசாமலே அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவது வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி சாட்விக் வளர்த்தெடுத்த பதிவுமுறையின் வழிவந்தது இது. நாம் இன்று அட்டவணைகளில் பார்க்கும் ஒவ்வொரு சராசரியும் இப்படி யாரோ ஒருவர் பந்துக்குப் பந்து கண்ணால் பார்த்து எழுதியதில்தான் வேர்கொண்டிருக்கிறது. தாமே எழுதிப் பழகியவர் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நிகழ்வை மறப்பதில்லை.

பொறுமைக்கான கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்பவர் இந்தப் பகுதியைப் படிக்கட்டும். ரசிகர்கள் செய்யும் அநீதிகளில் பெரும்பகுதி, சிறிய எண்ணிக்கையிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவுவதால் வருவது. ஒரு மட்டையாளரின் உண்மையான திறன் .270 என்று வையுங்கள். 50 அட்-பேட்களில், தற்செயல் மட்டுமே காரணமாக, அவருடைய சராசரி .207 முதல் .333 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு அந்த எல்லைக்குள் இருப்பதற்குத்தான். மீதமுள்ள மூன்றில் ஒரு பங்கு அதற்கும் வெளியே. 500 அட்-பேட்கள் ஆனபிறகு அதே அலைவு .250 முதல் .290 என்று குறுகுகிறது. இதைக் கண்டறியும் வழி கடினமானதல்ல. சராசரியை, ஒன்றிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்து வருவதோடு பெருக்கி, அட்-பேட் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அலைவின் அளவு கிடைத்துவிடும். ஏப்ரல் முடிவில் .200 அடித்துக்கொண்டிருக்கும் ஒருவரை அணியைவிட்டே நீக்கச் சொல்லுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஓரியோல்ஸின் பெரும் பயிற்சியாளர் ஏர்ல் வீவர், தம் மட்டையாளர் ஒவ்வொருவரும் எதிரணிப் பிட்சர் ஒவ்வொருவருக்கும் எதிராக எப்படி ஆடினார் என்பதைச் சிறு அட்டைகளில் எழுதி வைத்திருந்தார். கணினிகள் ஆட்டத்துக்குள் வருவதற்கு வெகு முன்பே எண்களை நம்பியவர் என்று அவரை நாங்கள் கொண்டாடுவது சரியே. ஆயினும் மேற்சொன்ன கணக்கை அவருக்கும் பொருத்த வேண்டும். ஒரு பிட்சருக்கு எதிராக 15 அட்-பேட்கள் என்றால் அலைவின் அளவு .110க்கும் மேல், அந்த அட்டையில் இருந்த செய்தியில் பெரும்பகுதி தற்செயலின் ஓசைதான். அவர் நம்பிய இன்னொன்று, ஓர் அவுட்டைத் தியாகம் செய்து ஓட்டக்காரரை ஒரு பேஸ் நகர்த்துவதைவிட, வாக்-களைச் சேர்த்துவிட்டு மூன்று ஓட்ட ஹோம் ரன்னுக்குக் காத்திருப்பதே மேல் என்பது. பிற்கால ஆய்வுகளில் அந்தக் கருத்து மிக நன்றாகவே தாக்குப்பிடித்தது. நம் அணியின் பெரியவர்களையும் இப்படிப் பகுத்து மதிப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அணிக்கும் இதே பொறுமை தேவை. சரிபாதி திறனுள்ள ஓர் அணி 162 ஆட்டங்களில் 81 வெற்றி பெற வேண்டும். ஆனால் தற்செயலால் மட்டும் அது 75க்கும் 87க்கும் இடையே எங்கும் முடியலாம், அதற்கு அப்பாலும் போகலாம். பருவம் தொடங்குமுன் உங்கள் அணி எத்தனை ஆட்டங்கள் வெல்லும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இருபுறமும் 6 ஆட்டங்கள் என்ற எல்லையையும் குறித்து வையுங்கள். பருவத்தின் நடுவில் உற்சாகமோ விரக்தியோ பெருகும்போது அந்தத் தாளே உங்களை நிலைநிறுத்தும்.

2012 என்ற சோதனை

அணிப்பற்றுக்கும் கணக்குக்கும் நேரடி மோதல் வந்தால் என்ன செய்வது என்பதை நான் கற்றுக்கொண்டது 2012இல். 1998 முதல் 2011 வரை தொடர்ந்து 14 ஆண்டுகள் வெற்றிகளைவிடத் தோல்விகள் அதிகம் பெற்ற ஓரியோல்ஸ், அந்த ஆண்டு 93 ஆட்டங்களை வென்றது. ஆனால் அணி எடுத்த ஓட்டங்கள் 712, கொடுத்தவை 705. கான்சஸில் ஒரு தொழிற்சாலையின் இரவுக் காவலராக இருந்துகொண்டு பேஸ்பால் ஆய்வை மாற்றியமைத்த பில் ஜேம்ஸ் வகுத்த ஒரு சூத்திரம் உண்டு. எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க வெற்றி விகிதம் வரும். அதன்படி அந்த ஓரியோல்ஸ் அணி வென்றிருக்க வேண்டியவை 82 ஆட்டங்கள். ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி. கூடுதல் இன்னிங்ஸ் ஆட்டங்களில் 16 வெற்றி, 2 தோல்வி. இந்த 11 ஆட்ட வேறுபாடு அங்கிருந்துதான் வந்தது.

அந்த ஆண்டு இரண்டு வகை மனிதர்கள் எங்களோடு வாதிட்டார்கள். இது வெறும் அதிர்ஷ்டம், கொண்டாட ஒன்றுமில்லை என்றது ஒரு வகை. சூத்திரமே பொய், எங்கள் அணிக்கு மன உறுதி இருக்கிறது என்றது நம்மவர்களில் ஒரு வகை. இரண்டையும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஓட்ட வித்தியாசம் அடுத்த ஆண்டைப் பற்றிச் சொல்கிறது. வெற்றிகள் நடந்து முடிந்த ஆண்டைப் பற்றியவை. இறுதி இன்னிங்ஸை ஆண்ட நல்ல ரிலீஃப் பிட்சர்கள் அந்த அணியில் இருந்தார்கள், ஜிம் ஜான்சன் மட்டும் 51 சேவ் (முன்னிலையை இறுதிவரை காத்து முடித்த ஆட்டங்கள்) எடுத்தார்; ஆகவே 11 ஆட்டங்களும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. அதேவேளை 29-9 என்பதை எந்த அணியும் திரும்பச் செய்ய இயலாது என்பதும் தெளிவாக இருந்தது. 2013இல் 85 வெற்றிகள்தான் வந்தன. கணக்கு அறிந்த ரசிகருக்கு அது அதிர்ச்சியாக இருக்கவில்லை. ஆட்டக்காரர்கள் ஊக்கத்தை இழந்துவிட்டார்கள் என்று பழிக்கவும் தேவைப்படவில்லை. நடந்த 93 வெற்றிகளோ நடந்தவையாகவே இருக்கின்றன. உங்கள் அணி இப்படி ஓர் ஆண்டைப் பெறும்போது, முழு மனத்தோடு மகிழுங்கள். அடுத்த ஆண்டுக்கான தாளில் மட்டும் ஓட்ட வித்தியாசத்தைப் பார்த்து எழுதுங்கள்.

சட்டையை மாற்றிப் பார்க்கும் முறை

பற்று எண்களைத் திரிக்கிறதா என்று கண்டறிய ஒரு வழி உண்டு. ஓர் ஆட்டக்காரருக்காக நீங்கள் முன்வைக்கும் வாதத்தை, அவர் எதிரணிச் சட்டையில் இருந்தாலும் ஏற்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓரியோல்ஸ் ரசிகர்களான எங்களுக்கு நியூயார்க் யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் நல்ல பாடம். அவர் களத்தடுப்புக்கான கோல்டு குளோவ் விருதை ஐந்து முறை பெற்றிருந்தும், களத்தடுப்பு அளவீடுகள் அவரை ஷார்ட்ஸ்டாப்களில் பலவீனமானவராகவே காட்டுகின்றன. இதை எங்களில் யாரும் சொல்லத் தவறுவதில்லை. அவர் 3,465 ஹிட்களும் .310 சராசரியும் கொண்டு, தம் இடத்தில் ஆடியவர்களுள் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவராக இருந்தார் என்பதையும் அதே குரலில் சொல்ல முடியாதவர், எண்களைப் பயன்படுத்தவில்லை, ஆயுதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த முறை நம் ஆட்களுக்கும் நன்மையே செய்யும். மார்க் பெலாங்கரின் வாழ்நாள் மட்டைச் சராசரி .228. இந்த எண்ணை மட்டும் பார்த்தால், அவ்வளவு காலம் அவரை ஏன் ஆட வைத்தார்கள் என்றே தோன்றும். ஆனால் எட்டு கோல்டு குளோவ் பெற்ற அவரின் ஷார்ட்ஸ்டாப் பணியைப் பிற்காலக் கணக்குகள் வரலாற்றின் முதல் வரிசையில் வைக்கின்றன. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த கால் ரிப்கன், உயரம் அதிகம், அந்த இடத்துக்குப் பொருந்தாதவர் என்று பேசப்பட்டவர். 1984இல் 583 அசிஸ்ட் (பந்தை எடுத்து எறிந்து அவுட்டுக்கு உதவியது) என்ற சாதனையை, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் ஷார்ட்ஸ்டாப்களுள் செய்தார். ரிப்கன் தொடர்ச்சியாக 2,632 ஆட்டங்கள் ஆடியதை நாங்கள் போற்றுகிறோம். ஆனால் 1992இல் அவருடைய சராசரி.251ஆக இறங்கியபோது, இடையிடையே ஓய்வெடுத்திருந்தால் நன்றாக ஆடியிருப்பாரா என்று கேட்டவர்களை அணித் துரோகிகள் என்று ஒதுக்குவது சரியல்ல. அது நேர்மையான கேள்வி. ஓய்வெடுத்த ரிப்கனை யாரும் பார்த்ததில்லை என்பதால் எண்களால் அதற்கு விடை தர முடியவில்லை, அவ்வளவே. களத்தடுப்பு அளவீடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். 2015இல் எல்லா மைதானங்களிலும் பந்தையும் ஆட்டக்காரர்களையும் பின்தொடர்ந்து அளக்கும் ஸ்டேட்காஸ்ட் கருவிகள் வந்தபின் கிடைக்கும் எண்களும், பழைய பதிவுகளிலிருந்து மீட்டெடுத்த மதிப்பீடுகளும் ஒரே அளவு உறுதியானவை அல்ல.

எண் கசப்பாக இருக்கும்போது

எல்லாச் சரிவும் தற்செயல் என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. 2013இல் 53 ஹோம் ரன் அடித்த கிறிஸ் டேவிஸ், 2018இல் 470 அட்-பேட்களில் .168 சராசரி பெற்றார். தரவரிசைக்குப் போதிய வாய்ப்புகள் பெற்ற மட்டையாளர்களுள் வரலாற்றில் அவ்வளவு குறைந்த சராசரி வேறில்லை. அவருடைய உண்மையான திறன் .230 என்று வைத்துக்கொண்டாலும், முன்சொன்ன கணக்கின்படி இது அதிலிருந்து அலைவின் மூன்று மடங்குக்கும் மேலான சரிவு. தற்செயல் இவ்வளவு தூரம் இழுக்காது. ஏதோ ஒன்று உண்மையாகவே போய்விட்டது. பின்னர் 54 அட்-பேட்கள் தொடர்ந்து ஹிட் இல்லாமல் சென்று, 2019 ஏப்ரல் 13 அன்று பாஸ்டனில்தான் அந்தத் தொடர் முடிந்தது. இத்தகைய நேரத்தில் பற்றுள்ள ரசிகர் எண்ணை மறுக்க வேண்டியதில்லை. இவர் இனி அன்றாடம் ஆடக்கூடாது என்று சொல்வதும், அவர் மட்டை பிடிக்க வரும்போது வசைபாடாமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. முன்னது ஆட்டத்தைப் பற்றிய மதிப்பீடு. பின்னது ஒரு மனிதரிடம் நடந்துகொள்ளும் முறை.

ரசிகர் நிர்வாகி அல்லர்

புள்ளிவிவரம் கற்ற ரசிகர்களிடம் நான் காணும் பெரிய ஆபத்து, அவர்கள் மெல்ல மெல்ல அணி அலுவலகத்தின் மொழியில் பேசத் தொடங்கிவிடுவதுதான். 2018இல் 115 ஆட்டங்கள் தோற்றபின் ஓரியோல்ஸ் தன்னை அடியோடு கலைத்துக் கட்டத் தொடங்கியது. 2019இல் 108 தோல்விகள், 2021இல் 110 தோல்விகள். மோசமாகத் தோற்கும் அணிக்கு இளம் ஆட்டக்காரர் தேர்வில் முதலிடம் கிடைத்து வந்த காலம் அது. 2019இல் அப்படித்தான் ஆட்லி ரட்ச்மனை அணி பெற்றது. கணக்கின்படி இந்தத் திட்டம் பலித்தது என்பதை மறுக்க மாட்டேன், 2023இல் 101 வெற்றிகள் வந்தன. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் நுழைவுச்சீட்டு வாங்கியவரிடம், தோல்வியையும் முதலீடாக நினைத்து மகிழச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைய ஆட்டத்தை வெல்ல வேண்டும் என்று விரும்புவது ரசிகரின் உரிமை.

ட்ரே மன்சினியின் கதை இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 2020இல் பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, அடுத்த ஆண்டே ஆட வந்தவர் அவர். மோசமான ஆண்டுகள் முழுவதும் அணியோடு இருந்தவர். 2022 ஜூலை 28 அன்று கேம்டன் யார்ட்ஸில் பந்து மைதானத்துக்குள்ளேயே இருக்க, எல்லா பேஸ்களையும் ஓடிக் கடந்து ஹோம் ரன் எடுத்தார். நான்கு நாள்களில் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு மாற்றப்பட்டார். ஓரியோல்ஸ் அப்போது, பருவம் முடிந்தபின் சிறந்த அணிகள் ஆடும் பிளேஆஃப் சுற்றில் ஓர் இடத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, இறுதியில் 83 வெற்றிகளோடு அந்த வாய்ப்பைத் தவறவிட்டது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் உள்ள, நடுத்தர எண்களைக் கொண்ட ஒரு மட்டையாளரைக் கொடுத்து இளம் பிட்சர்களைப் பெறுவது நிர்வாகத்தின் கணக்கில் சரியாக இருக்கலாம். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். புரிந்துகொண்டதாலேயே அதைப் பாராட்டியாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். மன்சினி போன்ற ஒருவர் வேறு அணிக்குப் போனால் அவருடைய எண்களை அங்கும் தொடர்ந்து பாருங்கள். அவர் அதே ஆண்டு ஆஸ்ட்ரோஸோடு, கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றபோது, பால்டிமோர் ரசிகர் ஒருவர் மகிழ்ந்தால் அது அணிப்பற்றுக்கு இழுக்கு அல்ல.

அக்டோபரில் என்ன செய்வது

பிளேஆஃப் ஆட்டங்களுக்கு மேற்சொன்ன கருவிகள் மிகக் குறைவாகவே உதவும், காரணம் ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 55 சதவீத வாய்ப்புள்ள வலுவான அணிகூட, ஐந்து ஆட்டத் தொடரை 59 சதவீதமும், ஏழு ஆட்டத் தொடரை 61 சதவீதமும் மட்டுமே வெல்லும். மூன்று ஆட்டத் தொடரில் அது 57 சதவீதம். 1960 உலகத் தொடரில் யாங்கீஸ் 55 ஓட்டங்கள் எடுத்து, 27 மட்டுமே கொடுத்தும், பிட்ஸ்பர்க் பைரேட்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தொடரை இழந்தது. 2001இல் 116 ஆட்டங்கள் வென்ற சியாட்டில் மரினர்ஸ் உலகத் தொடரை எட்டவே இல்லை.

2023இன் ஓரியோல்ஸ் பருவம் முழுவதும் எந்தத் தொடரிலும் எல்லா ஆட்டங்களையும் இழக்காத அணி. அக்டோபரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் மூன்றே ஆட்டங்களில் வெளியேறியது. அதன்பின் ரேஞ்சர்ஸ் கோப்பையையும் வென்றது. இந்த மூன்று ஆட்டங்களை வைத்து அந்த அணிக்கு நெஞ்சுரம் இல்லை என்று சொன்னவர்கள், ஏப்ரலில் மூன்று ஆட்டத் தோல்விக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே பிளேஆஃப் ஆட்டங்களைப் பருவத்தின் எண்களோடு கலக்காமல் தனியாக எழுதி வையுங்கள். ஆட்டம் நடக்கும் மூன்று மணி நேரமும் வாய்ப்பு விகிதங்களைப் பார்த்துக்கொண்டிராமல் பிட்சர் அடுத்து எந்தப் பந்தை எறிவார் என்று பாருங்கள். தோற்றால் அன்றிரவு வருந்துங்கள். அணியில் யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை மாற்றலாம் என்ற பேச்சை உலகத் தொடர் முடிந்த பின், 162 ஆட்டங்களின் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.